குணத்தைக் கத்தியால் திருத்தலாமா?

பிள்ளை சொன்ன பேச்சைக் கேளாதபோது, "இவன் மண்டைக்குள் என்னதான் இருக்கிறதோ!" என்று அலுத்துக்கொள்ளாத தாய் இல்லை. தமிழ்நாட்டில் இருந்தாலும் சரி, பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தினாலும் சரி, இந்த வாசகம் நம் வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. தாய் அதை வேடிக்கையாகச் சொல்கிறாள். மறு நிமிஷம் மறந்தும் விடுகிறாள். ஆனால் அதையே மெய்யான கேள்வியாக எடுத்துக்கொண்டு, மண்டையைத் திறந்து விடை தேடியவர்களும் உண்டு. கோபம், முரட்டுத்தனம், அடங்காமை ஆகிய குணங்கள் மூளையின் இன்ன இடத்தில் குடியிருக்கின்றன. அந்த இடத்தை அறுத்தோ, மின்சாரத்தால் தூண்டியோ, மருந்திட்டோ மாற்றிவிட்டால் மனிதன் நல்லவன் ஆகிவிடுவான் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் பிறர் துன்பத்தைப் போக்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே இம்முயற்சியில் இறங்கினர். அதனாலேயே அவர்களுடைய வரலாறு நாம் கருத்தூன்றி அறிய வேண்டிய வரலாறு ஆகிறது.

இக்கதை ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் காவண்டிஷ் என்னும் ஊருக்கருகே ரயில் பாதைக்காகப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூலியாட்களின் தலைவனான பினியாஸ் கேஜ் என்பவனுக்கு வயது 25. துளையிலிட்ட வெடிமருந்தைக் கெட்டிப்பதற்கு அவன் கையாண்ட இரும்புக் கம்பி 3 அடி 7 அங்குல நீளமும் 13 ராத்தலுக்கு மேற்பட்ட எடையும் உடையது. தீப்பொறி பட்டு மருந்து திடீரென்று வெடிக்கவே, அக்கம்பி அவனுடைய இடது கன்னத்தின் வழியாகப் புகுந்து, மூளையின் முன்பகுதியைத் துளைத்துக்கொண்டு உச்சந்தலை வழியே வெளியேறிற்று. அவன் சாகவில்லை. சிறிது நேரத்தில் பேசினான். மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்கு வந்து சேர்ந்தான்.

அவனுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஜான் ஹார்லோ, 20 ஆண்டுகள் கழித்து, 1868-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்கு முன் பொறுப்பும் நிதானமும் உடையவனாக இருந்த கேஜ், பின்பு பொறுமையற்றவனாகவும் மரியாதையின்றிப் பேசுபவனாகவும் எடுத்த காரியத்தில் நிலைக்காதவனாகவும் மாறிவிட்டான் என்றும், நண்பர்களே அவனைப் பழைய மனிதனாக ஏற்கவில்லை என்றும் அவர் எழுதினார். ஒழுக்கம் என்று நாம் சொல்வதற்கும் மூளை என்னும் உறுப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதுவே சான்றாகப் பல தலைமுறைகளுக்குப் பாடப் புத்தகங்களில் இடம்பெற்றது. ஆனால் கதையின் மறுபாதியைப் பலரும் சொல்வதில்லை. கேஜ் பின்னர் தென் அமெரிக்காவில் சீலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டிப் பிழைத்தான். முன்யோசனையும் பொறுமையும் இன்றி அத்தொழிலைச் செய்ய இயலாது. ஆகவே, சிதைந்த குணம் வேலையாலும் ஒழுங்கான வாழ்க்கையாலும் ஓரளவு மீண்டும் கட்டப்பட்டிருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கேஜ் 1860-இல் மறைந்தான். மூளை கெட்டால் குணம் கெடும் என்ற முதற்பாதியை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது.

முதற்பாதியிலிருந்து பிறந்த எண்ணம் இது: மூளையைக் கெடுத்துக் குணத்தைக் கெடுக்க முடியுமானால், மூளையைத் திருத்திக் குணத்தைத் திருத்தவும் முடியும் அல்லவா? ஸ்விட்ஜர்லாந்தில் மனநோய் விடுதி ஒன்றின் தலைவரான காட்லீப் புர்க்ஹார்ட் என்பவர் 1888 முதல் ஆறு நோயாளிகளின் மூளையிலிருந்து சிறு சிறு பகுதிகளை அகற்றிப் பார்த்தார். ஓலமிடுவோரையும் முரடர்களையும் அமைதிப்படுத்துவதே அவர் நோக்கம். அறுவைக்குப் பின் சில நாட்களில் ஒருவர் இறந்தார். சக மருத்துவர்கள் கண்டிக்கவே, அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். அந்தக் கண்டனம் அரை நூற்றாண்டு காலம் நிலைத்து நின்றிருந்தால் எத்தனையோ ஆயிரம் மனிதர்கள் தப்பியிருப்பார்கள்.

1935-ஆம் ஆண்டு லண்டனில் நரம்பியல் அறிஞர்களின் உலக மாநாடு கூடிற்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புல்டன், ஜேக்கப்சன் என்னும் இருவர், இரண்டு சிம்பன்சிக் குரங்குகளின் மூளை முன்பகுதியை அகற்றிய சோதனையைப் பற்றி அங்கே பேசினர். ஒரு குரங்கு, சோதனையில் தவறு செய்துவிட்டால் ஆத்திரத்தால் புரண்டு அழுவது வழக்கம். அறுவைக்குப் பின் அது தவறினாலும் கவலையின்றி இருந்தது. ஆனால் முன்பு சாதுவாக இருந்த மற்றக் குரங்கு, அறுவைக்குப் பின் நேர்மாறாக எரிச்சல் மிக்கதாயிற்று. கேட்டிருந்தோர் பலர் முதற் குரங்கையே நினைவில் கொண்டனர். இரண்டாவது குரங்கை மறந்தனர்.

அம்மாநாட்டுக்குச் சென்றிருந்தவர்களில் போர்ச்சுகல் நாட்டின் எகாஸ் மோனிஸ் ஒருவர். அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி லிஸ்பன் நகரில், அல்மேய்தா லிமா என்ற அறுவை மருத்துவரைக் கொண்டு, அவர் முதல் நோயாளியின் மண்டையில் துளையிட்டு மூளை முன்பகுதியின் நரம்பு இழைகளைச் சிதைக்கச் சாராயத்தைச் செலுத்தினார். பின்னர் இழைகளை வெட்டுவதற்கென்றே ஒரு கருவியைச் செய்துகொண்டார். முதல் 20 பேரில் 7 பேர் குணமடைந்தனர், 7 பேர் தேறினர், 6 பேரிடம் மாறுதல் இல்லை என்று 1936-இல் அறிவித்தார். அந்த நோயாளிகளைக் கவனித்த காலமோ மிகக் குறுகியது. ஆயினும் 1949-இல் மோனிஸுக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. பரிசு கிடைத்ததும் கேள்விகள் அடங்கின, கத்திகள் பெருகின.

அமெரிக்காவில் இம்முறையைப் பரப்பியவர் வால்டர் ப்ரீமன். அவர் நரம்பியல் மருத்துவர். அறுவைப் பயிற்சி பெற்றவர் அல்லர். 1936 செப்டம்பரில் ஜேம்ஸ் வாட்ஸ் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து தொடங்கினார். லொபாட்டமி என்ற பெயர் அதன்பின் வழங்கலாயிற்று. 1946-இல் அவர் இன்னும் எளிய வழி ஒன்றைக் கண்டார். மின்னதிர்ச்சியால் நோயாளியை நினைவிழக்கச் செய்து, பனிக்கட்டி உடைக்கும் ஊசி போன்ற கருவியை இமைக்கும் விழிக்கும் இடையே செலுத்திச் சுத்தியால் தட்டி, மூளை இழைகளை வெட்டுவது அவ்வழி. அதற்குச் சில நிமிஷங்களே தேவைப்பட்டன. இதைச் சகிக்க முடியாமல் வாட்ஸ் அவரை விட்டு விலகினார். ப்ரீமனோ காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1952-இல் மேற்கு வர்ஜினியா மாநிலத்தின் மருத்துவமனைகளில் சுமார் இரண்டு வாரங்களில் 228 பேருக்கு இச்சிகிச்சை நடந்தது. அமெரிக்காவில் மொத்தம் 40,000 பேருக்கு மேல் இதற்கு ஆட்பட்டனர் என்று கணக்கிடுகிறார்கள்.

இதை அறிந்தவுடன் ப்ரீமனை ஓர் அரக்கனாக எண்ணத் தோன்றும். அது எளிது; ஆனால் அதனால் பயனில்லை. அக்காலத்து மனநோய் மருத்துவமனைகளின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுக்குக் கொடுக்கத் தக்க மருந்து ஏதும் இல்லை. கூச்சலும் அடிதடியும் ஓயாத கூடங்களில் ஒரு செவிலிக்கு எத்தனையோ நோயாளிகள். அந்நிலையில், அறுவை முடிந்த ஒருவர் சத்தமின்றி நாற்காலியில் உட்கார்ந்து சொன்னபடி உண்டு உறங்கினால், பார்ப்பவர்களுக்கு அது பெரிய வெற்றியாகத் தோன்றியது. தொல்லை கொடுப்பது நின்றுவிட்டது என்பதே அங்கே குணமடைந்ததற்கு இலக்கணம். தொல்லை யாருக்கு நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

அக்கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு பேருடைய வாழ்க்கை வேறு விதமாக அமைந்திருக்கும். ஒருவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி. படிப்பில் பின்தங்கிய பெண்; வயது ஏற ஏறக் கோபமும் பிடிவாதமும் அதிகரித்தன. குடும்பத்தின் பெயருக்குக் களங்கம் வந்துவிடுமோ என்று அஞ்சிய தந்தை, தாய்க்கும் தெரிவிக்காமல், 1941 நவம்பரில் ப்ரீமன், வாட்ஸ் இருவரிடமும் மகளை ஒப்படைத்தார். அப்போது அவளுக்கு வயது 23. அறுவைக்குப் பின் நடக்கவும் பேசவும் இயலாதவளானாள். ஓரளவே தேறி, வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு விடுதியில் கழித்து 2005-இல் மறைந்தாள்.

மற்றவர், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டல்லி. 1960 டிசம்பரில் ப்ரீமன் அவனுக்குச் சிகிச்சை செய்தபோது வயது 12. அவனைப் பற்றிச் சிற்றன்னை ப்ரீமனிடம் கூறிய குறைகள் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளன: படுக்கப் போக மறுக்கிறான், பகற்கனவு காண்கிறான், வெளியே வெயில் அடிக்கும்போது அறையில் விளக்கைப் போடுகிறான். இவற்றில் எது நம் வீட்டுப் பிள்ளை செய்யாதது? அச்சிறுவன் பிழைத்தான், பல இடங்களில் அலைந்து, பேருந்து ஓட்டுநராக வாழ்ந்தான். முதுமை நெருங்கும் வேளையில் தன் கோப்பைத் தேடிப் படித்து, 2005-இல் அமெரிக்கப் பொது வானொலியில் தன் கதையைத் தானே சொன்னார் டல்லி. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையே 45 ஆண்டுகள் உலகம் அறிந்திருந்தது. அன்றுதான் அவர் குரல் கேட்டது.

லொபாட்டமி வீழ்ந்ததற்கு இரண்டு காரணங்கள். சோவியத் அரசு 1950-இலேயே, மனிதத்தன்மைக்கு மாறானது என்று கருதி அதைத் தடை செய்துவிட்டது. மற்ற நாடுகளில் அறத்தைவிட மருந்தே விரைந்து வேலை செய்தது. 1952-இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தின் பயனைக் கண்டனர். அதே காலத்தில் நம் நாட்டின் சர்ப்பகந்தி வேரும் மேனாட்டு மருத்துவமனைகளில் நுழைந்தது. அவ்வேர் சித்தபிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதைக் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-லேயே எழுதியிருந்தனர்; பம்பாயின் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் இரத்தக் கொதிப்பில் அதன் பயனை மேனாட்டாருக்கு எடுத்துக்காட்டினார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் 1950-களில் மனநோய்க்கு வழங்கப்பட்டது. கத்தி பின்வாங்கிற்று. ஆனால் கத்திக்குப் பின்னிருந்த எண்ணம் பின்வாங்கவில்லை.

அவ்வெண்ணம் சென்னைக்கும் வந்தது. இதை நாம் மறைக்கவும் வேண்டாம், மிகைப்படுத்தவும் வேண்டாம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய டாக்டர் பா. ராமமூர்த்தி, இந்தியாவில் அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி. எஸ். கனகா ஆகியோரும் 1960-களிலிருந்து, வேறு சிகிச்சைக்கு இணங்காத மூர்க்கம் உடைய நோயாளிகளுக்கு நுட்பமான ஓர் அறுவையைச் செய்தனர். ஜப்பானில் நாராபயாஷி என்பவர் தொடங்கிய வழி அது. தலையைச் சுற்றி ஓர் உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே படத்தின் துணையால் இடத்தைக் கணக்கிட்டு, மெல்லிய ஊசியை அமிக்டலா என்னும் வாதுமை வடிவப் பகுதிக்குச் செலுத்தி அதைச் செயலிழக்கச் செய்வார்கள். ப்ரீமனின் சுத்தியலுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரையில் இவ்வகை அறுவைகள் 603 என்று கணக்குக் காட்டியுள்ளார். அவற்றுள் 481 அமிக்டலாவில் செய்தவை. 122 மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் செய்தவை. பெரும்பாலோர் தேறினர் என்பது அம்மருத்துவர்களின் முடிவு.

நோயாளிகளில் சிறுவர்களும் இருந்தனர். தன்னையே கடித்துக்கொண்டும் பிறரை அடித்துக்கொண்டும் இருக்கும் பிள்ளையை இரவு பகலாகக் காத்துக் களைத்த பெற்றோர், ஓர் ஊசியால் அமைதி கிடைக்கும் என்றால் சம்மதிக்காமல் என்ன செய்வார்கள்? அவர்களை நாம் குறை கூற இயலாது. ஆனால் அவர்களுடைய களைப்பு வேறு, பிள்ளையின் சம்மதம் வேறு. நோயாளி எப்படி உணர்ந்தான் என்பதைவிட, உடனிருந்தோருக்கு எவ்வளவு நிம்மதி என்பதே இத்தகைய அறுவைகளில் எளிதாக அளக்கக்கூடியது. ஆகவே உலகெங்கும் அதுவே அளக்கப்பட்டது. சென்னையின் அறுவைகளையும் மேனாட்டு விமரிசகர்கள் இக்காரணத்தால் கண்டித்தனர்.

அமைதிப்படுத்துவதிலிருந்து ஆளுவதற்கு ஓர் அடி தூரந்தான். 1963-இல் ஸ்பெயின் நாட்டின் கார்டோபா அருகே, ஹோஸே டெல்காடோ என்ற விஞ்ஞானி, மூளையில் மின்கம்பி பதித்த ஒரு காளையின் முன் நின்றார். காளை பாய்ந்து வந்தது. அவர் கையிலிருந்த ரேடியோக் கருவியின் பொத்தானை அழுத்தவே, நின்று திரும்பிற்று. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய நூலில், மனத்தை இவ்வாறு செப்பனிட்டு நாகரிகம் மிக்க சமுதாயம் ஒன்றை அமைக்கலாம் என்று கனவு கண்டார். காளை உண்மையில் சாதுவாயிற்றா, அல்லது அதன் கால்கள் மட்டும் திரும்பினவா என்று மற்ற விஞ்ஞானிகள் கேட்டார்கள். நம் சல்லிக்கட்டுக் காளையை அறிந்த எவரும் இக்கேள்வியின் நியாயத்தை உணர்வர். அடங்கிய காளை வேறு, திருப்பப்பட்ட காளை வேறு.

இக்கேள்வி 1973-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றுக்கு வந்தது. மிச்சிகன் மாநிலத்தில், கொலைக் குற்றம் சாட்டப்பெற்ற ஒருவர், மனநோய் மருத்துவமனையில் 17 ஆண்டுகளாக அடைபட்டிருந்தார். அவர் மூர்க்கத்தைக் குறைக்க அமிக்டலாவில் அறுவை செய்யும் சோதனைக்கு அரசு பணம் ஒதுக்கியிருந்தது, அவரும் கையொப்பமிட்டிருந்தார். செய்தி வெளியானதும் ஒரு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். ஜூலை 10-ஆம் தேதி நீதிபதிகள் அளித்த தீர்ப்பின் சாரம் இது: விருப்பமின்றி அடைத்து வைக்கப்பட்டவன், இத்தகைய ஆபத்தான, பயன் உறுதியில்லாத சோதனைக்குத் தரும் சம்மதம் உண்மையான சம்மதம் ஆகாது, வெளியே செல்லும் ஆசையே அவனைச் சம்மதிக்க வைக்கக்கூடும். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, அவரை அடைத்து வைத்தது செல்லாது என்று முடிவாகி அவர் விடுதலை பெற்றார். வெளியே வந்ததும் அவர் செய்த செயல் எந்தத் தீர்ப்பையும்விடத் தெளிவானது: கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சம்மதம் ஒரு கேள்வி. நல்லது எது என்று முடிவு செய்வது யார் என்பது மற்றொரு கேள்வி. கணிதமேதை ஆலன் டூரிங், உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியக் குறியீடுகளை உடைத்து பிரிட்டனுக்குப் பேருதவி செய்தவர். ஓர் ஆடவருடன் உறவு கொண்டதற்காக 1952-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தது. சிறையா, இச்சையை ஒடுக்கும் ஹார்மோன் ஊசியா என்று கேட்டபோது அவர் ஊசியை ஏற்றார். 1954-இல் இறந்தார். அவர் குணத்தைத் திருத்த முயன்ற அதே அரசு 2009-இல் வருத்தம் தெரிவித்தது; 2013-இல் அவருக்கு அரச மன்னிப்பு கிடைத்தது. பிரிட்டிஷார் நமக்கு விட்டுச்சென்ற அதே வகைச் சட்டத்தை, மனமொத்த வயது வந்தோரைப் பொறுத்தவரையில், நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி நீக்கியது. ஒரு தலைமுறை நோய் என்றும் குற்றம் என்றும் கருதியதை அடுத்த தலைமுறை அவ்வாறு கருதுவதில்லை. சட்டத்தைத் திருப்பி எழுதலாம். வெட்டிய நரம்பைத் திருப்பி ஒட்டுவது எப்படி?

இன்று இவ்வாதம் புதிய உடையில் வந்திருக்கிறது. 2008-லும், பின்னர் 2012-இல் ஒரு நூலிலும், இங்மார் பெர்சன், ஜூலியன் சவுலெஸ்கு என்னும் இரு தத்துவ அறிஞர்கள் இவ்வாறு வாதித்தனர்: சிலர் சேர்ந்து பல கோடிப் பேரை அழிக்கத்தக்க ஆற்றலை விஞ்ஞானம் கொடுத்துவிட்டது, நம் நெஞ்சமோ சிறு கூட்டமாக வாழ்ந்த காலத்தில் உருவான பழைய நெஞ்சம், போதனையால் அதை மாற்றுவது மெல்ல நடக்கும் காரியம், ஆகவே பாதுகாப்பான மருந்து கிடைக்குமானால் அறத்தை வளர்க்க அதைப் பயன்படுத்த வேண்டும். இவ்வாதத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. அணுகுண்டும் பருவநிலை மாற்றமும் உள்ள உலகில் அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் ஜான் ஹாரிஸ் என்ற மற்றோர் அறிஞர் மறுத்தார்: தவறு செய்யும் சுதந்திரம் இல்லாதவனுக்கு நல்லது செய்யும் பெருமையும் இல்லை என்பது அவர் கருத்து. சினத்தைக் காட்ட வல்லமை இருந்தும் காட்டாதிருப்பதையே நம் வள்ளுவரும் வெகுளாமை என்ற அதிகாரத்தில் பெருமையாகக் கொள்கிறார்.

அத்தகைய மருந்துதான் எங்கே? 2005-இல் ஜூரிக் நகரில், ஆக்சிடோசின் என்ற சுரப்பை மூக்கு வழியே செலுத்தினால் மனிதர் ஒருவரையொருவர் அதிகம் நம்புகின்றனர் என்று ஒரு சோதனை காட்டியது. உலகெங்கும் பரபரப்பு. பின்பு பெரிய அளவில் மீண்டும் செய்த சோதனையில் அவ்விளைவு கிடைக்கவில்லை. அதற்கு மேல், 2011-இல் நெதர்லாந்தில் நடந்த ஆராய்ச்சி, அம்மருந்து தன் கூட்டத்தார்மீது பற்றை வளர்க்குமே அன்றி அயலார்மீது அன்பை வளர்க்காது என்று காட்டியது. தன்னவரிடம் அன்பு பெருகி அயலாரிடம் பாராமுகம் பெருகினால் அதை நற்குணம் என்போமா? வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில், வீடு வாடகைக்குக் கேட்டு அலைந்த அனுபவம் உள்ள நமக்கு இதன் விடையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் மூளையைத் தொடவே கூடாதா? அதுவும் தவறு. 2003-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். நாற்பது வயதுள்ள ஆசிரியர் ஒருவருக்குத் திடீரென்று முறைகேடான இச்சைகள் தோன்றின. ஆராய்ந்தபோது மூளையின் முன்பகுதியில் ஒரு கட்டி இருந்தது. அதை அகற்றியதும் இச்சைகள் நீங்கின. கட்டி மீண்டும் வளர்ந்தபோது அவையும் திரும்பின. மறுபடி அகற்றியதும் மறைந்தன. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகளால் சிலர் சூதாட்டத்தில் விழுவதும், மருந்தைக் குறைத்தால் மீள்வதும் மருத்துவர் அறிந்ததே. இங்கெல்லாம் நோயை நீக்குவது ஒருவனை அவனுக்கே திருப்பிக் கொடுப்பதாகும். ஓயாத எண்ணச் சுழலில் சிக்கியவர், தாமே நாடி வந்து, தாமே வேண்டிப் பெறும் சிகிச்சையும் அவ்வகையதே. நோயாளி தம் நோயிலிருந்து விடுபட விரும்புவது வேறு. அவரிடமிருந்து மற்றவர்கள் விடுபட விரும்புவது வேறு. முதலாவதற்குப் பெயர் மருத்துவம். இரண்டாவது, எத்தனை நுட்பமான ஊசியால் செய்யப்பட்டாலும், மருத்துவம் ஆகாது. கேஜ் முதல் டல்லி வரை இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே.

நம் நாட்டுச் சட்டம் இப்பாடத்தை ஏற்றிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 96-ஆம் பிரிவின்படி, மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமானால், அந்நோயாளியே விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும். மேலும் உரிய மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் செய்யக்கூடாது. அச்சட்டம் சம்மதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தை நேயர்கள் சிறப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். அச்சுறுத்தலோ வஞ்சகமோ தகாத வற்புறுத்தலோ இன்றி, நன்மை தீமைகளையும் மாற்று வழிகளையும், அம்மனிதருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் எடுத்துச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம் ஆகும்.

புரியும் மொழியில் என்ற சொற்கள் நமக்காகவே எழுதப்பட்டவை போல் இருக்கின்றன. இந்தியோ மராத்தியோ வங்காளமோ சரளமாக வராத ஒரு தமிழ்த் தாய், வடநாட்டு மருத்துவமனையில் மகனுக்காகவோ தனக்காகவோ ஒரு தாளில் கையெழுத்திட நேரலாம். அருகில் இருக்கும் நம்மில் ஒருவர் சென்று அதைத் தமிழில் படித்துச் சொல்வது சிறு உதவிதான். ஆனால் ரோஸ்மேரிக்கும் டல்லிக்கும் அப்படிப் பக்கத்தில் நின்று, "உனக்கு என்ன செய்யப்போகிறார்கள் தெரியுமா? உனக்கு இதில் விருப்பமா?" என்று கேட்க ஒருவரும் இல்லாமற்போனார்கள்.